வாழை மட்டையிலிருந்து நுண்ணிய செல்லுலோஸ் இழை: மிக்சியில் அரைத்தால் வருமா?

ஏத்தன்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வாழை இருக்கிறது. ஏத்தன்தான் அதிகம், வரப்போரம் கொஞ்சம் செந்துளுவனும் மட்டியும். ஆயிரத்துக்கு மேல் மூடு (மரம்) வரும். குலை வெட்டினபிறகு வாழையை என்ன செய்கிறோம் என்று உங்களுக்கே தெரியும், துண்டு போட்டு மூட்டிலேயே தள்ளிவிடுகிறோம். 2017 ஒக்கிப் புயலில் குலை தள்ளின வாழை அத்தனையும் ஒரே ராத்திரியில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்ததிலிருந்து, குலை போனாலும் மட்டையிலிருந்து நாலு காசு வராதா என்று ஒரு எண்ணம் எனக்குள் கிடக்கிறது.

செடியின் உடலைக் கட்டுகிற செல்லுலோஸ் என்கிற பொருளை நானோமீட்டர் அளவுக்கு மெல்லிய இழையாகப் பிரிக்கலாம், அதைப் பேப்பருக்கும் பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் சேர்க்கிறார்கள் என்று படித்தேன். சரி, வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். மட்டையை உரித்து நார் எடுத்தேன். நாலு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். ஒரு இஞ்ச் துண்டாக நறுக்கி, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் வேகவைத்தேன். முதலில் அலுமினியச் சருவத்தில் வைத்துவிட்டேன், பொங்கிப் பொங்கி வந்து பாத்திரமே புள்ளி புள்ளியாக அரித்துப்போயிற்று, அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். அப்புறம் ஸ்டீல் பாத்திரத்தில் மாற்றி ரெண்டு மணி நேரம் வேகவைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடரில் வெளுத்து, மிக்சியில் விட்டு விட்டு அரை மணி நேரம் அரைத்தேன்.

வந்தது என்னவென்றால், தண்ணீரில் வெட்டிப்போட்ட பஞ்சு மாதிரி ஒன்று. கிளாஸில் ஊற்றி வைத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது, மேலே தெளிந்த தண்ணீர். படத்தில் பார்த்ததோ கையில் எடுத்தால் ஒழுகாத கூழ். எங்கே தப்பு செய்தேன்?

ஆய்வகத்தான்

தம்பி, முதலில் அந்த அலுமினியப் பாத்திர விஷயம். காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும், பொங்கினது அதுதான். அடுப்புத் தீக்குப் பக்கத்தில் அது நடந்திருக்கிறது, ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம். ஸ்டீல் மட்டும் பயன்படுத்துங்கள். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டேயே போகவேண்டாம், சோடாக் காரம் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பிளீச்சிங் பவுடரோடு வினிகர், கழிப்பறை கழுவும் ஆசிட் என்று எந்த அமிலமும் சேரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போதும், துளி காரம் சேர்த்து மிதமான சூட்டில் வையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் செய்த தப்பு அந்த நாலு நாள் வெயில்.

செல்லுலோஸ் இழை செடிக்குள் இருக்கும்போது சுற்றிலும் தண்ணீரும் ஹெமிசெல்லுலோஸ் என்கிற வழவழப்பான சர்க்கரைப் பொருளும் இருக்கின்றன. ஒவ்வொரு நுண்ணிழையும் 3, 4 நானோமீட்டர் தடிமன்தான், அது பத்து இருபது சேர்ந்து ஒரு கற்றை. நம் தலைமுடி கிட்டத்தட்ட 80,000 நானோமீட்டர், அதோடு வைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை இந்த இழைகள் ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கும். காயவைத்தால் நடுவில் இருக்கிற தண்ணீர் வெளியேறும்போது பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒட்டிக்கொள்ளும், ஹைட்ரஜன் பிணைப்பு நெருக்கமாக விழுந்துவிடும். திரும்பத் தண்ணீரில் போட்டாலும் அந்த ஒட்டு முழுசாக விடாது. பேப்பர் மில்காரர்களுக்கு இது பழைய தலைவலி, மறுசுழற்சி செய்த பேப்பர் ஒவ்வொரு சுற்றிலும் வலுக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒட்டிப்போனதைத்தான் நீங்கள் அரை மணி நேரம் மிக்சியில் போட்டு அடித்திருக்கிறீர்கள். பிளேடு அதைக் குறுக்கே வெட்டியிருக்கும், நீளவாக்கில் பிரித்திருக்காது.

தோவாளைப்பூ

அவர் சொல்வது எங்கள் தொழிலில் தினமும் கண்ணால் பார்க்கிற விஷயம். தோவாளையில் மாலை கட்டுகிற குடும்பம் நாங்கள். காய்ந்த வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துத்தான் பூக் கட்டுவோம். ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் அது வளையும், முடிச்சு விழும், ஆனால் பச்சை மட்டையிலிருந்து அப்போதே கிழித்த நார் மாதிரி ஆகவே ஆகாது. பச்சை நாரை நகத்தால் கீறினால் மயிரிழை மயிரிழையாகப் பிரிந்துகொண்டே போகும், எங்கே நிறுத்துவது என்று நாம்தான் முடிவு செய்யவேண்டும். காய்ந்து நனைத்த நார் ஒரு அளவுக்கு மேல் பிரியாது, அறுந்துவிடும். பூக் கட்ட அறுந்துபோகாத அந்த உறுதிதான் எங்களுக்கு வேண்டும், அதனால் காயவைக்கிறோம். உங்களுக்கு வேண்டியது நேர் எதிர்.

கயிறுபிரி

நல்ல உரையாடல். நான் கேட்க நினைத்ததை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கயிறு. கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, காயலில் புதைத்து ஆறு, எட்டு மாதம் அழுகவைத்து எடுத்த காலம் எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, அந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. அழுகவைத்துத் தல்லின நார் பொன் மாதிரி இருக்கும். வாழைக்குப் பதிலாகத் தேங்காய் நாரில் இதைச் செய்ய முடியாதா? நம் மாவட்டத்தில் தேங்காய்க்கு என்ன குறைச்சல்?

ஆய்வகத்தான்

செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள், ஆனால் கஷ்டம் ஜாஸ்தி. கயிறு நாரில் 40 சதவீதத்துக்கும் மேல் லிக்னின். மரத்தை மரமாக வைத்திருக்கிற பசை அதுதான். தேங்காய் நார் கடல் தண்ணீரில் கிடந்தாலும் வருஷக்கணக்கில் இற்றுப்போகாமல் இருப்பது அதனால்தான். கயிற்றுக்கு அது வரம், நமக்குத் தொல்லை. அவ்வளவு லிக்னினையும் கரைக்கப் பல தடவை காரத்தில் வேகவைக்கவேண்டும், பல தடவை வெளுக்கவேண்டும், கழிவுத் தண்ணீரும் அத்தனை மடங்கு. காயலில் அழுகவைக்கும்போது பாக்டீரியா தின்பது பெரும்பாலும் பெக்டின் என்கிற வழவழப்பான ஒட்டுப் பொருளைத்தான், லிக்னின் அப்படியே இருக்கும்.

வாழை நாரில் லிக்னின் 5 முதல் 10 சதவீதத்துக்குள், செல்லுலோஸ் 60 சதவீதத்தை ஒட்டி. அன்னாசி இலை நார் அதைவிடவும் நல்லது, செல்லுலோஸ் 70க்கு மேல் போகும். ரப்பர் தோட்டத்தில் ஊடுபயிராக அன்னாசி போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். பக்கத்தில் கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வாழை நார், அன்னாசி இலை நார் ரெண்டிலும் நீராவி வெடிப்பு முறையில் நானோ இழை எடுத்துக் கட்டுரை போட்டிருக்கிறார்கள். நாரைக் காரத்தில் ஊறவைத்து, மூடின பாத்திரத்தில் அதிக அழுத்த நீராவியில் வைத்து, சட்டென்று அழுத்தத்தைத் திறந்துவிடுவார்கள், நாருக்குள் இருக்கிற தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி இழையை உடைத்துப் பிரிக்கும். தயவுசெய்து யாரும் வீட்டுக் குக்கரில் இதைச் செய்து பார்க்கவேண்டாம்.

மின்கணக்கு

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆசைக்குச் செய்து பார்ப்பது வேறு, தொழிலாகச் செய்வது வேறு என்பதைப் புதியவர்கள் புரிந்துகொள்ளவேண்டும். இந்தச் சரக்கை முதலில் செய்தது அமெரிக்காவில், 1970களின் கடைசியில், டர்பாக் என்பவரும் கூட்டாளிகளும். பாலில் ஆடை மிதக்காமல் கொழுப்பைப் பொடிக்கிற ஹோமோஜெனைசர் இருக்கிறதே, அதில் மரக்கூழைத் திரும்பத் திரும்ப அழுத்தி விட்டார்கள், கெட்டியான கூழ் வந்தது. 1983ல் கட்டுரையாகவும் வந்துவிட்டது. அப்புறமும் பல வருஷம் அது தொழிலாக எழும்பவில்லை, காரணம் கரண்டு. முன்கூட்டிப் பதப்படுத்தாமல் அரைத்தால் ஒரு டன்னுக்கு 25,000 யூனிட் வரைக்கும் போகும். வெளிநாட்டுக் கம்பெனிகளே அதில்தான் திணறின.

நானே சூடுபட்டவன். நாலு வருஷம் முன்னால் ஒரு மெஷின் வியாபாரி, எங்கள் கிரைண்டரில் எந்த நாரைப் போட்டாலும் நானோவாக வரும் என்று சொன்னார், கடன் வாங்கி வாங்கிப்போட்டேன். வந்தது மாவு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துண்டு துண்டாக நார். அவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. மெஷினை நம்பி யாரும் இறங்கவேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆய்வகத்தான்

உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறேன் அண்ணாச்சி. காய்ந்த நாரைத்தானே அதில் போட்டீர்கள்? அப்படியென்றால் எந்த மெஷினிலும் அதுதான் வந்திருக்கும்.

கரண்டு கணக்கு சரி. ஆனால் அதற்குப் பதில் அரைப்பதற்கு முன்னால் செய்கிற வேலையில் இருக்கிறது. டோக்கியோவில் இசோகாயும் சைட்டோவும் 2006ல் காட்டினார்கள்: டெம்போ என்கிற ஊக்கியை வைத்து இழையின் மேற்பரப்பில் மின்னூட்டம் ஏற்றிவிட்டால் இழைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும், லேசாக அடித்தாலே 3, 4 நானோமீட்டர் வரைக்கும் தனித்தனியாகப் பிரியும். 2015ல் அவர்களுக்கு மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது. அந்த ரசாயனம் விலை அதிகம், நம் வீட்டுக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது கியோட்டோ ஆட்கள் செய்தது. 2007ல் மரத்தூளை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை காயவே விடாமல் லிக்னினை எடுத்து, ரெண்டு கல்தகட்டில் ஒன்று சுழல்கிற கிரைண்டரில் ஒரே ஒரு தடவை விட்டார்கள். 15 நானோமீட்டர் அகலத்தில் ஒரே சீரான இழை. 2011ல் அதே ஊரில் இன்னும் எளிமை: காயாத மரக்கூழை 0.7 சதவீதத்துக்குக் கரைத்து, நிமிஷத்துக்கு 37,000 சுற்று சுற்றுகிற பிளெண்டரில் அரை மணி நேரம். வந்தது 15, 20 நானோமீட்டர் இழை. நம் மிக்சி அதில் பாதி வேகம்தான் வரும் என்று வையுங்கள், ஆனால் வழி மூடிக்கிடக்கவில்லை. லிட்டருக்கு 7 கிராம் நார், அதற்கு மேல் போடாதீர்கள். காரத்தையும் ஓங்கிப் போடவேண்டாம், ஹெமிசெல்லுலோஸ் முழுக்கப் போனால் இழைகளுக்கு நடுவில் நிற்க ஆளில்லாமல் ஒட்டிக்கொள்ளும். வெளுத்த நார் ரொம்ப வெள்ளையாக வரவேண்டும் என்கிற ஆசைதான் பலருக்கும் வேலையைக் கெடுக்கிறது.

நார்க்குழு

நான் வாழைநார் எடுக்கிற மகளிர் குழுவில் வேலை பார்க்கிறேன். ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இப்போதுதான். எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் மெஷினில் மட்டையைக் கொடுத்து இழுத்தால் நார் ஒரு பக்கம் வரும், கீழே ஒரு சதை விழும், நாங்கள் சோறு என்று சொல்வோம். கையில் எடுத்தால் வழுவழு என்று, பிழிந்தால் தண்ணீர்தான் பாதிக்கு மேல், ஒரு நாள் கிடந்தால் புளித்து நாறும். நூறு கிலோ மட்டை போட்டால் ஒரு கிலோ நார் தேறுவதே பெரிய விஷயம், மற்றதெல்லாம் இந்தச் சோறும் தண்ணீரும்தான். குழி வெட்டிப் புதைக்கிறோம், மழைக்காலத்தில் குழி நிறைந்துவிடும். நாரை வாங்க ஆள் இருக்கிறது. நாரைப் போய் எதற்கு அரைக்கவேண்டும், இந்தச் சோற்றை அரைத்தால் ஆகாதா? அதிலும் செல்லுலோஸ் இருக்கும்தானே?

ஆய்வகத்தான்

அக்கா, இந்த உரையாடலிலேயே பெரிய விஷயத்தை நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நார் என்பது செடியைத் தாங்குகிற கட்டமைப்பு, அதன் செல் சுவர் தடிமனாக, அடுக்கடுக்காக இருக்கும். நீங்கள் சோறு என்று சொல்வது தண்ணீரைச் சேர்த்துவைக்கிற மெல்லிய செல்கள். அந்தச் சுவரில் செல்லுலோஸ் இழை வலை மாதிரி தளர்வாகப் பின்னியிருக்கும், நடுவில் பெக்டினும் ஹெமிசெல்லுலோஸும், லிக்னின் குறைவு. பெக்டினைக் கழுவிவிட்டால் வலை தானாகவே அவிழ ஆரம்பிக்கும். பிரான்ஸில் கிரெனோபிள் ஆய்வாளர்கள் 1990களில் சர்க்கரை பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தபிறகு மிஞ்சுகிற சக்கையில் இதைச் செய்தார்கள். ரெண்டு சதவீதக் காரம், 80 டிகிரி, ரெண்டு மணி நேரம், லேசான வெளுப்பு, அப்புறம் ஹோமோஜெனைசர். கூழ் வந்துவிட்டது. அதுவும் இதே மாதிரி மெல்லிய சுவர் செல்தான்.

உங்கள் சோறு காயவும் இல்லை, மெஷின் அதைப் பாதி நசுக்கியும் கொடுத்துவிட்டது. நார் நாராகவே விற்கட்டும். புளிக்கும் முன்னால், அன்றைக்கு அன்றே காரத்தில் போட்டுவிடவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

ஏத்தன்தோட்டம் தம்பி, மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பச்சை மட்டையின் உள்பக்கத்தைத் தேங்காய்ச் சிரட்டை விளிம்பால் வழித்தாலே இந்தச் சதை கிடைக்கும்.

ஏத்தன்தோட்டம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்துவிட்டேன்.

வெட்டின அன்றே ரெண்டு வாழையின் மட்டையை வழித்து எடுத்தேன், ஒரு பக்கெட் சோறு. லிட்டருக்கு 20 கிராம் சோடா, ஸ்டீல் சருவம், கொதிக்கவிடாமல் சூட்டில் ரெண்டு மணி நேரம். தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு வந்தது. வேட்டித்துணியில் வடிகட்டிப் பத்துத் தடவை கழுவினேன், வழவழப்பு போகும்வரை. பெராக்சைடில் ஒரு மணி நேரம் வைத்ததும் வெளிர் மஞ்சள் ஆயிற்று, அதோடு விட்டுவிட்டேன். பிழிந்ததை ஈரத்தோடேயே டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.

மிக்சியில் அஞ்சு நிமிஷம் அரைத்து, சூடு ஆறவிட்டு, திரும்ப அஞ்சு நிமிஷம். முதல் ரெண்டு சுற்றில் ஒன்றும் இல்லை. நாலாவது சுற்றில் சத்தம் மாறிற்று. தண்ணீர் சலசலப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது கனத்துப் போய், நடுவில் குழி விழாமல் மொத்தமாகச் சுற்ற ஆரம்பித்தது. ஆறாவது சுற்றுக்குப் பிறகு மூடியைத் திறந்து கரண்டியில் எடுத்தேன், இளநொங்கு மாதிரி தளதளவென்று நின்றது. சாய்த்தால் விழவில்லை, தட்டினால்தான் விழுந்தது. லிட்டருக்கு 7 கிராம் போட்டதில் மீதி 99 பங்கும் தண்ணீர்தானே, அது எப்படி இப்படி நிற்கிறது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கிளாஸில் ஊற்றி வைத்தேன், மறுநாள் காலையிலும் அடியில் உட்காரவில்லை.

மின்கணக்கு

வாழ்த்துகள் தம்பி, ஆனால் ஒரு சந்தேகத்தை எழுப்பாமல் போக முடியவில்லை. வாழையில் மாவுச்சத்து உண்டு. மாவு வெந்தாலும் இப்படித்தான் கஞ்சியாக நிற்கும். நீங்கள் செய்தது கஞ்சிப்பசையாக இருந்தால்?

ஆய்வகத்தான்

நியாயமான கேள்வி. பத்துத் தடவை கழுவினதில் மாவு போயிருக்கவேண்டும், ஆனாலும் பார்த்துவிடலாம். பீட்டாடினைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, கட்டன்சாயாவைவிட வெளிறினபிறகு, ஒரு சொட்டு கூழின் மேல் விடுங்கள். நீலக்கருப்பு வந்தால் மாவு. பழுப்பாகவே இருந்தால் மாவு இல்லை. பக்கத்தில் அரிசிச் சோறு வடித்த கஞ்சியிலும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, நானோ என்று உறுதியாகச் சொல்ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். அதுவரைக்கும் நுண்ணிழைக் கூழ் என்றே சொல்லுங்கள். அதில் தடித்த இழையும் மெல்லியதும் கலந்துதான் இருக்கும்.

ஏத்தன்தோட்டம்

விட்டுப் பார்த்தேன். கஞ்சி கருத்துவிட்டது, கூழ் பழுப்பாகவே இருக்கிறது.

நார்க்குழு

தம்பி, அந்தக் கறுத்த காரத் தண்ணீரை என்ன செய்தீர்கள்? எங்கள் இடத்துக்குப் பக்கத்தில் கால்வாய் போகிறது, ஆட்கள் குளிக்கிற தண்ணீர். அதில் ஒரு சொட்டு விட எனக்கு மனசில்லை. இது தீராமல் நாங்கள் செய்வதாக இல்லை.

ஆய்வகத்தான்

அக்கா கேட்டதுதான் முக்கியம். காஸ்டிக் சோடாத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றினால் சோடியம் ஏறி மண் இறுகிப்போகும். அமிலம் விட்டுச் சமன் செய்தாலும் சோடியம் போகாது. ஒரு வழி, சோடாவுக்குப் பதில் காஸ்டிக் பொட்டாஷ். விலை கூடுதல், ஆனால் கழிவுத் தண்ணீரில் மிஞ்சுவது பொட்டாசியம். வாழை எவ்வளவு பொட்டாஷ் உறிஞ்சும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சமன் செய்து, நன்றாக நீர்த்து மூட்டுக்கு விடலாம். கோதுமை வைக்கோலில் பேப்பர்க் கூழ் எடுக்கிறவர்கள் இந்த வழியை முயன்றிருக்கிறார்கள். முதலில் ரெண்டு மூடு வாழைக்கு மட்டும் விட்டு ஒரு மாதம் பாருங்கள், தோட்டம் முழுக்க வேண்டாம். கழுவுகிற தண்ணீரையும் வீணாக்காமல், கடைசிக் கழுவலை அடுத்த தடவையின் முதல் கழுவலுக்கு வைத்துக்கொண்டால் கழிவு குறையும்.

தோவாளைப்பூ

சரி, இதை வைத்து நம் ஊரில் என்ன செய்யலாம்? கார் கம்பெனிக்கும் பெயிண்ட் கம்பெனிக்கும் நாம் கொடுக்கப்போவதில்லை.

ஏத்தன்தோட்டம்

அதற்கும் ஒன்று செய்து பார்த்தேன். கூழை ஸ்டீல் தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி நிழலில் ரெண்டு நாள் வைத்தேன். ஓரத்தில் கத்தியால் நெம்பினதும் முழுத் தட்டும் ஒரே தாளாக உரிந்து வந்தது. வெங்காயச் சருகு மாதிரி, வெளிச்சத்துக்குப் பிடித்தால் விரல் நிழல் தெரிகிறது. கையால் இழுத்தால் லேசில் கிழியவில்லை, பேப்பர் மாதிரி சடசடக்கிறது.

அதன்மேல் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், பக்கத்தில் சாதாரணப் பேப்பரிலும் ஒரு சொட்டு. பேப்பரில் அந்த நிமிஷமே பரவி மறுபக்கம் வந்துவிட்டது. இதில் ராத்திரி முழுக்கச் சொட்டு சொட்டாகவே நின்றது, காலையில் துடைத்தால் அடியில் கறை இல்லை. அப்போதே எனக்கு ஏத்தங்காய்ச் சிப்ஸ் கடைதான் நினைவுக்கு வந்தது. பேப்பரில் பொட்டலம் கட்டினால் எண்ணெய் வழியும் என்றுதான் எல்லாரும் பிளாஸ்டிக் கவருக்குப் போனார்கள். ஏத்தன் காயைச் சிப்ஸாக்கி, அதே ஏத்தன் மட்டைக் கூழைப் பூசின பேப்பரில் கொடுத்தால்?

ஆய்வகத்தான்

எண்ணெய் நிற்பது சரிதான், இழைகள் காயும்போது இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. ஆரம்பத்தில் உங்களைக் கெடுத்த அதே ஒட்டு இங்கே உதவுகிறது. காற்றிலிருக்கிற ஆக்சிஜனையும் நன்றாகத் தடுக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது தாமதமாகும். ஆனால் ஈரத்துக்கு இது பலவீனம். நமக்கோ ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரக்காற்றில் தாள் உப்பினால் தடுப்பு குறையும், சிப்ஸும் நமத்துப்போகும். தனித் தாளாக வேண்டாம், பேப்பரின் உள்பக்கம் ரெண்டு பூச்சு கொடுத்துப் பாருங்கள். சாப்பாட்டில் படுகிற பொருள் என்பதால் கழுவின தண்ணீரில் காரம் கொஞ்சமும் இல்லை என்று பார்த்தபிறகுதான் கடைக்குக் கொடுக்கவேண்டும், அந்தச் சோதனையை நான் செய்து தருகிறேன்.

நார்க்குழு

தம்பி, எங்கள் குழுவில் பேசிவிட்டேன். பொட்டாஷ் வைத்து ஒரு தடவை செய்து பார்க்கச் சம்மதித்துவிட்டார்கள். உங்கள் தோட்டத்தில் அடுத்த குலை வெட்டு எப்போது?

ஏத்தன்தோட்டம்

வருகிற வியாழக்கிழமை அக்கா, நாற்பது மூடு. காலை ஆறு மணிக்கு வெட்டத் தொடங்குவோம். வண்டியோடு வாருங்கள், வெயில் ஏறுமுன் மட்டையை ஏற்றிவிடலாம். மேலே போட நனைத்த சாக்கு நான் எடுத்து வைக்கிறேன்.